பத்து ஐம்பத்திரண்டுக்கு வந்த பதில்

1

லோஷினி நாற்காலி மேல் ஏறினாள். இடது கையில் கைப்பேசி. வலது கை, சுவரில் இருந்த மெயின் சுவிட்சுக்கு ஒரு சாண் தூரத்தில். சிகாமட்டில் வெள்ளம் வடிந்து ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. சுவரில் சேற்றுக்கோடு சுவிட்சுப் பெட்டியின் பாதி வரை ஏறியிருந்தது. பாதங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கைப்பேசி அதிர்ந்தது. பதில்!

“போடுங்க சிஸ்டர். ஒன்னும் ஆகாது.”

அவள் விரலை நீட்டி—

நிற்க. தொடர்கதைகளில் இப்படி அந்தரத்தில் விரலை நிறுத்தியே முப்பது வருடம் பிழைத்தவன் நான். இந்த முறை ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக முடியும்.

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ‘கேள்விப் பந்தல்’ என்ற இணையதளத்திலிருந்து எடுத்தது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தமிழர்கள் கேள்வி கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள். நல்ல பதிலுக்குப் புள்ளி ஏறும், தப்பான பதிலுக்கு இறங்கும். சலவை இயந்திரம் ஏன் துள்ளுகிறது என்பதிலிருந்து மகனுக்கு எந்தப் படிப்பு என்பது வரை எல்லாம் அங்கே உண்டு. சண்டையும் உண்டு.

காலை 10:40-க்குக் கேள்வி: வெள்ளத்தில் நனைந்த மெயின் சுவிட்சைப் போடலாமா? 10:52-க்கு மேலே கண்ட பதில். 10:54-க்கு அந்தப் பதில் நீக்கப்பட்டது.

நடுவில் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் லோஷினி சுவிட்சைத் தொட்டாளா? கதை இவ்வளவுதான்.

2

முதலில் வேறு மாதிரிதான் தொடங்கினேன்.

‘சிகாமட் ஆறு அன்று கோபத்தில் இருந்த—’

[வேண்டாம். ஆறு எப்போதும் கோபத்தில்தான் இருக்கிறது, தொடர்கதைகளில்.]

‘லோஷினியின் கணவன் சிங்கப்பூரில் வேலை. கல்யாணமாகி ஏழே மாதம்.’

[இது நான் ஒட்டவைத்தது. கதாநாயகிக்கு இருபத்து நான்கு வயதும் தனிமையும் இருந்தால் வாசகர் பதறுவார் என்பது தொழில் பழக்கம். உண்மையில் கேள்வி கேட்டவரைப் பற்றித் தளத்தில் ஒரு பெயரைத் தவிர எதுவும் இல்லை.]

எனக்கு இந்த லோஷினி மேல் சந்தேகம். யாரோ முகம் தெரியாத ஆள் ‘போடுங்க’ என்றால் ஒருத்தி போட்டுவிடுவாளா? ஆகவே அவளை நாற்காலியிலேயே நிற்கவைத்துவிட்டு, பதில் போட்டவரைத் தேடிப் போனேன்.

3

மாசாயில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஜெயபாலன் தொழிற்சாலைச் சீருடையோடு வந்தார். தளத்தில் அவருக்குப் புள்ளி கழித்தல் இரண்டாயிரத்துச் சொச்சம். அங்கே அவரைத் ‘தப்பண்ணே’ என்பார்கள். ‘தப்பண்ணே வந்துட்டாரு, ஓடுங்க’ என்று யாராவது எழுதாத நாளில்லை.

“என்ன வேலை பாக்குறீங்க?” என்றேன், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

“வயர்மேன் சார். இருபத்திரண்டு வருசம்.”

என் கை நின்றது.*

* [இந்தத் தகவலை ஆறாம் பகுதி வரை மறைத்துவைக்கத் திட்டமிட்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்த வித்தையைக் காட்ட மனம் வரவில்லை.]

“அப்போ தெரிஞ்சேதான் தப்பா எழுதினீங்களா?”

“மொதல்ல எல்லாம் சரியாத்தான் எழுதுவேன் சார். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. ஒருநாள் ஒரு அம்மா, ஸ்கூல் மாத்துறதுக்கு எந்த ஃபாரம்னு கேட்டு மூணு நாளாக் கெடக்குறாங்க. எனக்குத் தெரியாது. பாவமா இருந்துச்சு, வாய்க்கு வந்ததப் போட்டேன். பத்து நிமிசம், பதினோரு பேரு! ஒருத்தர், ‘யோவ், நீ ஸ்கூல் பக்கம் ஒதுங்கியாவது இருக்கியா’ன்னு கேட்டாரு.” சிரித்தார். “அந்தம்மாவுக்குச் சரியான பதில் கெடச்சிருச்சு. எனக்கு மைனஸ் எட்டு. போவட்டும்லா.”

“அதையே பழக்கமாக்கிட்டீங்க.”

“கேக்குறவங்கள யாரு சார் பாக்குறா? தப்பா சொல்றவனத்தான் தேடி வந்து மிதிப்பாங்க.”

“சரி. கரண்ட் விசயம் உங்களுக்கே தெரியுமே. சரியாப் போட்டிருக்கலாமே?”

“என் பதில யாரு படிப்பா? புள்ளி கொறஞ்சவன் எழுதினா அடியில போயி மடங்கிக்கும். ஆபத்தா எழுதினாத்தான் சிவப்புக் கொடி விழும். கொடி விழுந்தா சத்தியபாமா ஓடியாருவாங்க. அவங்க எழுதினா மேல நிக்கும். அப்படிக் கணக்குப் போட்டேன்.” கிண்ணத்துப் பருப்பைச் சும்மா கலக்கிக்கொண்டிருந்தார். “கேட்டவங்க போனுக்கு மொதல்ல என் பதிலுதான் போகும்கிறது… அலமாக். மறந்தே போச்சு சார்.”

கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், அந்தப் பொண்ணு தொடலதானே?”

“தொடல,” என்றேன்.

அப்புறம்தான் அவர் ரொட்டியில் கை வைத்தார்.

4

சத்தியபாமா ஸ்கூடாயில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கேள்விப் பந்தலின் நடுவர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. கொடி விழுந்த மறுநிமிடம் பதிலை நீக்கி, ‘தொடாதீர்கள், உரிமம் உள்ள மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்’ என்று எழுதியவர் அவர்தான். லோஷினியைத் தெரியும் என்று சொல்லித் தொலைபேசியில் பிடித்தேன்.

“நான் ரிக்கார்ட எடுத்துப் பாத்தேன் சார். மனுசன் முந்நூத்துப் பதினோரு தப்பான பதில் போட்டிருக்காரு. அதுல முந்நூத்து நாலு கேள்விக்கு ஒரு மணி நேரத்துல சரியான பதில் வந்திருக்கு. அதுக்கு முன்னால எல்லாம் நாள்கணக்காக் காஞ்சு கெடந்த கேள்வி!”

“அப்படின்னா வேணும்னேதான் செய்றாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

“இப்பத்தான் தெரியும். அந்த முந்நூத்து நாலுல தொண்ணூறு பதில் என்னோடது. கேட்டவங்களுக்காகன்னு நெனச்சீங்களா? இல்ல சார். இந்த ஆள ஒரு வாங்கு வாங்கணும்னு எழுதினது.” பெருமூச்சு. “ஆனா இந்த வாட்டி அது கரண்ட். வெளையாட்டில்ல.”

“என்ன செய்யப் போறீங்க?”

“நான் முடிவு பண்ண முடியாது. ஒவ்வொரு பதிலுக்குக் கீழயும் கேட்டவங்களுக்கு ரெண்டு பெட்டி இருக்குல்ல, ‘செய்தேன்’, ‘செய்யவில்லை’ன்னு? ஆபத்தான பதிலுக்கு ‘செய்தேன்’னு டிக் விழுந்தா ஆள் நிரந்தரமா வெளிய. ‘செய்யவில்லை’ன்னா எச்சரிக்கை குடுத்து வச்சுக்குவோம். அந்த லோஷினி இன்னும் டிக்கே போடல. உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னீங்களே, சொல்லுங்களேன். சனிக்கிழமை வரைக்கும்தான் டைம்.”

“நீங்க எத விரும்புறீங்க?”

“என்னக் கேக்காதீங்க சார். அவர வச்சுக்கிட்டா நாளைக்கு எவன் வீட்டுல எழவு விழுமோன்னு பயம். தூக்கிட்டா அந்தக் கேள்விங்கள எல்லாம் யாரு பாப்பா? நானா?”

5

எனவே முடிவுகள்.

(அ) லோஷினி விரலை இழுத்துக்கொள்கிறாள். 10:54. சத்தியபாமாவின் பதில். கண்ணீர். சுபம். [ஜெயபாலன் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டது இந்த முடிவை நம்பித்தான்.]

(ஆ) போடுகிறாள். ஒரு நீல வெளிச்ச— [முழுதாக எழுத முடியவில்லை. எத்தனையோ பேரைக் கொன்ற கைதான். இருந்தும்.]

(இ) சரியான சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். [ஆசிரியர் பக்கம் குறைக்கச் சொன்னால் இதைப் போடுவது வழக்கம்.]

மூன்றும் எழுத்தாளன் செய்பவை. அந்த இரண்டு நிமிடத்தில் நடந்தது ஒன்றுதான். அது எனக்குத் தெரியும்.

6

நாளை சனிக்கிழமை.

லோஷினி என்று யாரும் இல்லை. மகளிர் பக்கத்துக்கு எழுத நான் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. அந்தக் காலத்தில் எங்களில் பலர் அப்படிச் செய்தோம். வெள்ளத்துக்கு மூன்று நாள் முன்பு, ஏதோ ஆசையில், அதே பெயரில் கேள்விப் பந்தலில் கணக்குத் திறந்தேன். தப்பண்ணே யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. அன்று மனைவி வெள்ள நிவாரண மையத்தில். நாற்காலியில் நின்ற ஈரக்கால் அறுபத்து மூன்று வயதுக் கால்.

இரண்டு பெட்டிகளும் என் திரையில் திறந்துதான் இருக்கின்றன. ஜெயபாலனிடம் வாயால் சொன்னதை விரலாலும் சொல்லிவிட்டால் அவர் பிழைப்பார். அவரை நம்பி இன்னும் எத்தனையோ கேள்விகள் கிடக்கின்றன. அவர் பதிலை நம்பி இன்னும் எத்தனையோ கைகளும் நீளக்கூடும். என்னால் டிக் போட முடியவில்லை. வாசகரே, நீங்கள் போடுங்கள். போடுவதற்கு முன், மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

‘சிஸ்டர்’ என்று அத்தனை அன்பாகக் கூப்பிட்டிருந்தார். 10:53-க்கு நான் சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தாமானில், குடியிருப்பு முழுக்க, முந்தின நாளே மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். அது ஜெயபாலனுக்குத் தெரியாது. எனக்கும்தான்.