கீழ்வீட்டுக் கட்டில்

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு கல்யாணம் ஐந்து வருடமாகக் காத்துக்கொண்டிருந்தது. அதனால் எனக்குக் கால் சில்லிட்டது.

சீனாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஜியாமுஸியில் குளிர்காலம் என்றால் விளையாட்டில்லை. தரைக்கு அடியில் ஓடும் குழாய்களில் வெந்நீர் வந்துதான் வீடு சூடாக வேண்டும். ஆளில்லாத வீடு என்று எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டுக் குழாயை மட்டும் அடைத்துவிடுவார்கள். முழுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. எங்கள் கட்டடத்தில் சாயங்காலம் விளக்கு எரியும் ஜன்னல்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். மேல்வீட்டை வாங்கியவரை ஒருவரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் விலை ஏறும் என்று வாங்கினார். இறங்கிவிட்டது. நஷ்டத்துக்கு விற்க மனம் வராமல் பூட்டிவிட்டு, வெயிலைத் தேடித் தெற்கே போய்விட்டார். நான் காசு கொடுத்து வாங்கும் சூட்டை இந்த வீடுகள் எல்லாப் பக்கமும் உறிஞ்சிக் குடித்தன. திட்டிக்கொண்டே இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போட்டுச் சமாளித்துவந்தேன்.

இந்த டிசம்பரில் என் மகள் நிங்நிங் பிள்ளை பெற்று என்னிடம் வந்தாள். மருமகன் கப்பலில் வேலை. அவனுக்கு அம்மா இல்லை. பிறந்த வீட்டில் பெண் பிள்ளைபெற்று மாதம் இருந்தால் அந்த வீட்டைத் தரித்திரம் பிடிக்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். பிடிக்கட்டும், இனிமேல் புதிதாக என்ன பிடிக்கப்போகிறது என்று அழைத்துவந்தேன். மாதம் முடியும்வரை பெற்றவள் உடம்பில் குளிர் ஏறக்கூடாது. இவளோ தலையில் துணி கட்டிக்கொண்டு தினைக் கஞ்சியைக் குடித்தபடி, "அம்மா, கால் விரலெல்லாம் மரத்துப்போகுதும்மா" என்கிறாள். பேரன் தோதோவுக்கு மூக்கடைத்துப் பால் குடிக்க முடியவில்லை. மின் கணப்பு வைத்தால் காற்று காய்ந்து இருமினான். "வீட்டைச் சூடா வையுங்க. நெஞ்சுல இறங்கிட்டா ஆஸ்பத்திரிதான்" என்றார் மருத்துவர்.

சூடு எப்போதும் கீழிருந்துதான் களவு போகும். கீழ்வீடு கெங் அக்காவுடையது. பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், புருஷன் இல்லாதவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறையில் இருக்கிறார். தெற்கே தொலைவில் குவாங்சோவில் வேலை செய்யும் மகன் போயாங்குக்குப் பெண் அமைய வேண்டுமே என்று இந்த வீட்டை வாங்கிப்போட்டார். வீடில்லாத பையனுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள்? ஞாயிறுதோறும் பேருந்தில் வந்து துடைத்துவிட்டுப் போவார்.

அந்த ஞாயிறு நான் இறங்கிப் போனேன். வாசலிலேயே இரண்டு நெகிழிப் பைகளைக் கொடுத்துக் காலில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். உள்ளே சோபா, தொலைக்காட்சி, சிவப்பு மெத்தை விரித்த கட்டில் எல்லாவற்றுக்கும் நெகிழி உறைதான்.

"கெங்கக்கா, கீழே சூட்டைத் திறந்துவிடுங்க. பாதிக் காசு நான் தர்றேன்."

"யாருக்குத் திறக்கறது? சோபாவுக்கா?"

"என் பேரனுக்கு. பச்சப்புள்ளக்கா."

"உன் பேரன் மேல இருக்கான், லுவான். இது என் பையன் வீடு. புது மரத்தரை, சூடு பட்டா வெடிச்சுப்போகும். நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பாத்தா, யாரோ குடியிருந்த வீடுன்னு மூஞ்சியைச் சுளிப்பாங்க."

என் வாய் சும்மா இருக்குமா? "எந்தப் பொண்ணு? அஞ்சு வருஷமா வந்துக்கிட்டே இருக்காளே, குவாங்சோவுலேர்ந்து நடந்து வர்றாளா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "பையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. அடுத்த வாரத்துக்கு வேணும்."

அந்த வாரம் முழுவதும் தோதோவை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அலைந்தேன். அவன் மூச்சில் ஒரு கரகரப்பு சேர்ந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. வீடு மகன் பெயரில் இருப்பதால் எங்கள் கட்டடத்துக் கைப்பேசிக் குழுவில் போயாங்கும் உண்டு. அவனையே கூப்பிட்டேன்.

"தாராளமா திறங்க ஆன்ட்டி. வாடகைக்கு விடும்மான்னு எத்தனை தடவை சொல்லிட்டேன், அம்மா கேட்டாத்தானே" என்றான். அப்போது பின்னால் ஒரு குழந்தைக் குரல், "அப்பா, என் செருப்பு எங்கே?" என்றது.

"யாருப்பா அது?"

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னான். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். பெண் ஏற்கெனவே கட்டிப் பிரிந்தவள். ஆறு வயதில் மகள் இருக்கிறாள். "அம்மா அந்த வீட்டுக்கு ஒரு புதுப்பொண்ணை நெனச்சுக்கிட்டு இருக்காங்க. எப்படிச் சொல்றதுன்னு வாயே வரலை. நீங்களும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி, காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். போனை வைத்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதைச் சொன்னால் வீடு யாருக்கும் வேண்டாததாகிவிடும், கெங் அக்காவுக்குச் சூட்டை அடைத்துவைக்கக் காரணமே இராது. சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிறு கீழே போனபோது அவர் துடைத்துக்கொண்டிருக்கவில்லை. கட்டிலடியில், வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். என் காலுக்குப் பை கொடுக்கவில்லை. போன வாரத்துக் கோபம் என்று நினைத்தேன். கண் சிவந்திருந்தது, குளிர் என்று நினைத்தேன். அந்த வீட்டில் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. பணிமனையில் கொடுத்த பழைய நீல மேலங்கி, வெடித்த விரல்கள். இந்தப் பொம்பளை தனக்குக்கூடச் சூடு வைத்துக்கொள்ளவில்லையே, ஐந்து குளிர்காலம் இப்படியேதானே துடைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. போயாங்கின் கல்யாணத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பேரன் மேலே கரகரக்கிறானே. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கெங்கக்கா, வர்ற பொண்ணுக்குப் புள்ள பொறக்கணும்னு கல்யாணக் கட்டில்ல ஆம்பளைப் புள்ளைய உருள விடணும் இல்லையா? என் பேரன் மாசம் முடிஞ்சதும் நானே தூக்கிட்டு வர்றேன். முன்கூட்டியே உருட்டி வெச்சா சம்பந்தம் சீக்கிரம் கூடும். ஆனா அதுவரைக்கும் கட்டில்ல சூடு ஏறியிருக்கணும். சில்லிட்ட கட்டில்ல புள்ள உருண்டா, வர்ற மருமகளுக்கு வயிறு சில்லிட்டுப்போகும்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "அப்படி ஒரு வழக்கமா?"

"எங்கம்மா பக்கத்துல உண்டு."

"உங்கம்மா எந்தப் பக்கம்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"நானும் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான்" என்றார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்குத் திறக்கச் சொல்றேன், போ."

மறுநாள் சாயங்காலமே எங்கள் தரை மாறிவிட்டது. நிங்நிங் காலுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் பாதத்தை வைத்து அழுதாள். தோதோவின் மூக்கடைப்பு விட்டது. வயிறு முட்டப் பால் குடித்துவிட்டுத் தூங்கினான். எனக்குத்தான் சரியாகத் தூக்கம் வரவில்லை. வராத மருமகளுக்காக ஒருத்தியைக் காத்திருக்க வைத்து, அந்தச் சூட்டில் நான் காலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிந்த அன்று வழக்கப்படி சிவப்புச் சாயமிட்ட முட்டைகளோடு பேரனைத் தூக்கிக்கொண்டு போனேன். நெகிழி உறைகள் ஒன்றுமில்லை. கெங் அக்கா மெல்லிய சட்டையில் இருந்தார், கன்னம் சிவந்திருந்தது. கட்டிலில் கல்யாணத்துக்குப் பரப்புவதுபோலப் பேரீச்சை, வேர்க்கடலை எல்லாம் பரப்பியிருந்தார். தோதோவுக்குத் தானாக உருளும் வயதா? ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டினோம். இரண்டாவது உருட்டிலேயே அந்தச் சிவப்பு மெத்தையில் மூத்திரம் போய்விட்டான்.

எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ அக்கா, துணி குடுங்க..."

"விடு, விடு. புள்ள மூத்திரம் நல்லதுதான்." சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு கடலைகளைப் பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ போனை வெச்ச கையோட போயாங் எனக்குப் பண்ணிட்டான். நீ வந்து போட்டு உடைச்சிடுவேன்னு பயம் அவனுக்கு. எல்லாத்தையும் சொல்லி அழுதான்."

"அப்ப, அன்னைக்கு நான் வந்தப்பவே..."

"நீ எப்படா சொல்லுவேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ என்னடான்னா கட்டிலுக்குச் சூடு ஏத்தணும்னு கதை விடறே. ஆத்துக்கு அந்தப் பக்கமாம்!" கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "நீ சொல்லியிருந்தேன்னா உன்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். சூட்டைத் திறந்தே இருக்க மாட்டேன்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தோதோ ஈரத்தின் மேலேயே காலை உதைத்துக்கொண்டு கிடந்தான்.

"புது வருஷத்துக்கு அவங்க மூணு பேரையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். ஒரு பேரீச்சையைத் துடைத்துத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "ஏன் லுவான், உனக்குத்தான் வழக்கமெல்லாம் தெரியுமே. ஆறு வயசுப் பொண்ணு இந்தக் கட்டில்ல உருளலாமா?"

"தாராளமா உருளலாம்க்கா" என்றேன். "வீடு மட்டும் சூடா இருக்கணும்."