வெள்ளைக்கு விட்ட இடம்

1

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். கேட்டவர் அத்தான். முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். டீ போடுவதாகச் சொல்லிவிட்டு, சமையலறையில் நின்றபடி எழுதுகிறேன்.

'பனி படர்ந்த புல்வெளியில், தூரிகையோடு ஒரு...'

(வேண்டாம். அக்கா இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் வரைந்ததெல்லாம் தண்டவாள ஓரத்திலும் பஸ் பணிமனையின் பின்சுவர் அடியிலும்தான்.)

2

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. லீவு நாளானால் மடக்கு நாற்காலியும் வண்ணப்பெட்டியுமாகக் கிளம்பிவிடுவாள். யாரும் விதைக்காத பூக்கள்தான் வேண்டும். பறிக்க மாட்டாள். வரைந்த எதையும் விற்றதில்லை. கேட்டால், "எனக்கும் பொழுது போகணும்ல" என்பாள்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அத்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டு, தள்ளி நின்று பேப்பர் படிப்பார். யாராவது எட்டிப் பார்த்தால் அக்காவுக்குக் கை ஓடாது. முடித்த படத்தையும் யாருக்கும் காட்ட மாட்டாள். தங்கை என்பதால் எனக்கு மட்டும் சலுகை. (அத்தானைக் கொஞ்சம் முரடராகக் காட்டினால் கதைக்கு வசதி. மனசு வரவில்லை.)

வெள்ளைப் பூவுக்கு அவள் வண்ணமே தொடமாட்டாள். சுற்றிலும் பச்சையைப் பூசிவிட்டு, இதழ் இருக்கவேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிடுவாள். வெள்ளை வண்ணக் குழாய் ஒன்றுகூட அவள் வாங்கியதில்லை.

3

கடைசியாக வரைந்ததும் வெள்ளைப் பூதான். "முடிஞ்சுது, பாரு" என்று என்னிடம் காட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

இன்று அத்தான் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு எடுத்து வந்தார். இதழ்கள் முழுக்கச் சுண்ணாம்பு அப்பியதுபோல் தடித்த வெள்ளை.

"பூவ மட்டும் பாக்கி வெச்சுட்டுப் போயிட்டா. பெட்டியில தேடினேன், வெள்ளையே இல்ல. தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா?"

சட்டத்தைத் துண்டால் துடைத்து என் பக்கம் திருப்பினார்.

"நானே வாங்கிப் பூசிட்டேன். சரியா வந்திருக்கா?"

4

முடிவு ஒன்று: நன்றாக வந்திருப்பதாகச் சொல்கிறேன். வெள்ளை வாங்கித் தராமல் விட்டோமே என்று அவர் காலமெல்லாம் மருகுவார்.

முடிவு இரண்டு: அவள் முடித்துவிட்டாள், வெள்ளை தேவைப்படவே இல்லை என்கிறேன். அந்த உறுத்தல் தீரும். ஆனால் அவள் கடைசியாக விட்டுப்போன பூவைத் தன் கையாலேயே...

(இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதினாலும் முடிக்க வரவில்லை. எழுத்தாளர் என்று பேர்தான் பெரிய பேர்.)

தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது. முன்னறையிலிருந்து கூப்பிடுகிறார்.

"டீ கெடக்கட்டும்மா. நீ வந்து பாத்துச் சொல்லு."

போகிறேன். என்ன சொல்ல வேண்டுமோ, அதற்கென்று கீழே இடம் விட்டிருக்கிறேன். அவசரப்பட்டு நிரப்பிவிடாதீர்கள்.

5