வாசலில் நின்ற கடிதம்

"புதுசா ஒரு ஆள் கதவைத் தட்டினா யாராவது எட்டிப் பார்த்துத்தானே உள்ள விடணும்? அந்த வேலையை நான் பார்த்துக்கறேன்" என்று அன்று சின்னவளின் கணவன் சொன்னான்.

"அப்ப நீங்க வாச்மேன்."

"சம்பளமில்லாத வாச்மேன்."

அக்காவின் ரத்தம் அபூர்வ வகை. அந்த வகைக்காரர்களைத் தேடித் தேடிச் சேர்த்து, கணவனும் மனைவியுமாக ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கிய நாளில் நடந்த பேச்சு அது. இப்போது ஆஸ்பத்திரி நடையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு அந்த நினைவு முள்ளாய்க் குத்தியது. உள்ளே அக்காவுக்குப் பிரசவ வலி. அறுவை செய்துதான் ஆகவேண்டும், ரத்தம் கைக்கு வராமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அந்த வகை இருப்பே இல்லை.

சில மாதங்களுக்கு முன் கணவனோடு கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தபோது, அவனோடு பொதுவாக வைத்திருந்த மின்னஞ்சல் முகவரியும் வேண்டாமென்று புதிதாக ஒன்று தொடங்கியிருந்தாள். இப்போது ரத்தம் கேட்டு அதிலிருந்து குழுவுக்கு அனுப்பிய கடிதம் போன வேகத்தில் திரும்பி வந்தது: உறுப்பினர் அல்லாதவர். தலையில் அடித்துக்கொண்டு, புது முகவரியைக் குழுவில் சேர்த்து மறுபடி அனுப்பினாள். இப்போது வேறு பதில்: புது உறுப்பினரின் முதல் கடிதம், மாடரேட்டரின் அனுமதிக்குக் காத்திருக்கிறது. மாடரேட்டர் வேறு யாருமில்லை, அந்தச் சம்பளமில்லாத வாச்மேன்தான்.

தரை தேய நடந்துகொண்டிருந்த அத்தான் நின்றார். "போயிடுச்சாம்மா?"

"வாசல்ல நிக்குது, அத்தான்."

வீம்பை விழுங்கிவிட்டுக் கணவனின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தான். அவள் மூச்சிரைக்கச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. உள்ள விட்டாச்சு என்றான். பழைய முகவரியிலிருந்து அனுப்பியிருந்தால் நேரே போயிருக்குமே என்றும் கேட்டான்.

"பாஸ்வேர்டை மாத்தியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"எதுக்கு மாத்தணும்? நீ என்னிக்காவது வருவேன்னு அப்படியே வச்சிருக்கேன்."

திரையில் குழுவிலிருந்து ஒரு பதில் வந்து விழுந்தது. பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன், புறப்பட்டுவிட்டேன். அதைப் படித்ததும் அத்தான் நர்ஸிடம் ஓடினார். ஒருவர் போதுமோ போதாதோ. உள்ளே அக்காவின் முனகல் ஓய்ந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் சின்னவள் எழுந்து கதவருகே போனாள். போனை அவனும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. அவனாக வரட்டும், நானா கேட்பது என்று இத்தனை மாதம் உள்ளே அடக்கி வைத்திருந்தது மெல்ல வெளியே வந்தது.

"ஏங்க, பயமா இருக்கு. இங்க வாங்க. அக்கா கண்ணு முழிச்சதும் என்னை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."