வெள்ளைக் குதிரையின் குளம்போசை

1844 அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி ஆண்டவர் வெள்ளைக் குதிரையில் வந்து, இறந்தவர்களை எழுப்பி, எங்களை விண்ணுக்கு அழைத்துப்போய்விடுவார் என்று நம்பி, நியூ ஹாம்ப்ஷயரில் எங்கள் சபையார் அந்த ஆண்டு உருளைக்கிழங்கைத் தோண்டவே இல்லை. சபையாரில் ஒருவரான அசாகேல், இனித் தேவைப்படாது என்று தன் வெள்ளைக் குதிரையைப் பக்கத்துப் பண்ணை ஜோத்தமுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். அன்று இரவு அவர் வீட்டில் பன்னிரண்டு பேர் காத்திருந்தோம். அவர் மனைவி திர்சா மடியில் ஒரு சின்னச் சட்டையை வைத்திருந்தாள். காய்ச்சலில் இறந்த மகன் கல்லறையிலிருந்து எழுந்து வரும்போது போட்டுக்கொள்ள.

நள்ளிரவு கடந்தது. விடியும் நேரத்தில், உறைபனி இறுகிய சாலையில் குளம்போசை கேட்டது. எல்லோரும் எழுந்து நின்றோம். திர்சா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் வெள்ளைக் குதிரை நின்றது. மேலே யாருமில்லை, கழுத்தில் அறுந்த கயிறு. அசாகேலின் குதிரைதான். தீனிக்குப் பழைய வீட்டையே தேடி வந்திருந்தது.

பின்னாலேயே ஜோத்தம் வந்தான். "என்னய்யா அசாகேல், இன்னும் மேல போகலையா? வேணும்னா குதிரைய இரவல் தரட்டா?"

அசாகேல் தலை நிமிரவில்லை. "கூட்டிட்டுப் போ."

"ஜோத்தம், அதை இறுக்கிக் கட்டாதீங்க," என்றாள் திர்சா.

"அவிழ்ந்தா இங்கதாம்மா ஓடி வரும்."

"தெரியும். வரட்டும்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அது வந்துகொண்டுதான் இருந்தது. வருவது எது என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் அவள் கதவைத் திறந்தாள். குதிரையைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்துச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.