குலுக்கக் கூடாத மருந்து

ரகுபதியைப் பார்த்ததுமே தபஸ்ஸுமுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பதினாறு வருஷமானால் என்ன, அந்த மூஞ்சியை மறக்க முடியுமா? ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "ஃபேக்டர் ஸ்டாக் இல்ல, நாளைக்கு வா" என்று மூன்று நாள் அவளை விரட்டியவன். அவன் முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜில், ரத்தத்தை உறைய வைக்கும் அந்த மருந்துப் பாட்டில்கள் இருந்தன. யாரோ பெரிய இடத்துக்காரனுக்கென்று ஒதுக்கியவை. அதற்குள் அவள் தம்பி அயானின் முட்டிக்குள் ரத்தம் கட்டி, மடங்கிய கால் மடங்கியதுதான். இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறான்.

இப்போது அவள் அடையாறில் ஹீமோஃபிலியா கிளினிக் நர்ஸ். எதிரே ரகுபதி. மடியில் மகள் வயிற்றுப் பேரன், மூன்று வயது. ரத்தம் உறையாத அதே வியாதி. முட்டி பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

"சிஸ்டர், மருந்து கீதா, இல்லியாம்மா?" அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் சீட்டு எழுதியதுமே அவள் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டாள். ஆனால் சில்லென்று இருக்கும் மருந்தை உடனே கலக்க முடியாது. குளிர் விடப் பத்து நிமிஷமாகும். அந்தப் பத்து நிமிஷம் என்னுடையது என்று நினைத்தாள். பாட்டிலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஸ்டாக் இல்ல. நாளைக்கு வா."

"ஐயோ, கொயந்தம்மா! காலு போய்டும்!"

"போவும். என் தம்பிக்குப் போச்சே! ஃபிரிட்ஜுல வச்சிக்கினே இல்லேன்னியே, பாவி. அயான். பேரு ஞாபகம் கீதா?"

இப்போது ரகுபதிக்கு அவளை ஞாபகம் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழட்டும், நன்றாக அழட்டும் என்றிருந்தது அவளுக்கு.

குளிர் விட்டிருந்தது. கையை விரித்து, பாட்டிலிலிருந்த மருந்துப் பொடிக்குள் ஊசித் தண்ணீரை ஏற்றினாள். இருந்த ஆத்திரத்துக்கு ஒரே குலுக்காகக் குலுக்கியிருப்பாள். குலுக்கினால் நுரைத்து வீணாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சுழற்றினாள். குழந்தையின் பிஞ்சுக் கையில் நரம்பு தேடி, ஒரே குத்தில் ஏற்றினாள்.

"சிஸ்டர், நீ தெய்வம்மா" என்று கும்பிட்டான் ரகுபதி.

"மொதல்ல கைய எறக்கு. இனிமே முட்டியில ரத்தம் கட்டாம இருக்க, வாரத்துக்கு ரெண்டு தபா நீயேதான் இவனத் தூக்கினு வரணும். ஒரு நாள் தப்பாம நான் போடுவேன். இவன் ஓடுவான், பந்து ஒதைப்பான். இவன் நேரா வைக்கிற ஒவ்வொரு அடியிலயும், என் தம்பி நொண்டறது ஒனக்குத் தெரியணும்."