எதிர்க்கடையில் தம்பி

"படியேறாதீங்க. அங்கேயே நில்லுங்க" என்றாள் தையல்காரி.

சிறைத்துறையின் மறுவாழ்வு அதிகாரி நின்றார். அவருக்குப் பின்னால் துணிப்பையோடு நின்றவன் அவள் கூடப்பிறந்த தம்பி. சில வருடங்களுக்கு முன்னால் குடிவெறியில் கம்பியை வீசி அவள் புருஷனின் ஒரு கண்ணைப் பறித்தவன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், கண்ணோடு லைசென்சும் போய், இப்போது அவள் கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"புதுச் சட்டம்மா. உள்ள தொழில் கத்துக்கிட்டு ஒழுங்கா இருந்தவங்க, மீதித் தண்டனையை வெளிய வேலை பார்த்தே கழிக்கலாம். சொந்தபந்தம் கூட இருந்தா மறுபடி தப்புப் பண்ண மாட்டாங்கன்னு..."

"சட்டம் போட்டவங்க வீட்ல ரூம் காலியா இருக்கும். அங்க கொண்டுபோய் வைங்க."

"அக்கா..." என்றான் தம்பி.

"யாருக்குடா அக்கா?" கதவை அறைந்து சாத்தினாள்.

அதிகாரி அவனை விடுதியில் சேர்த்தார். வேலையும் கிடைத்தது. எங்கே? அவள் கடைக்கு நேரெதிரே இருந்த பேக்கரியில். சிறையில் கற்றது ரொட்டி சுடும் வேலை. ஆள் தேவைப்பட்டது அங்கேதான். வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போலிருந்தது அவளுக்கு.

அவள் சும்மா இருக்கவில்லை. அளவெடுக்க வந்தவர்களிடமெல்லாம், "அந்த ரொட்டிக்கு மாவு பிசையற கை என்ன செஞ்ச கைன்னு தெரியுமா?" என்று டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓதினாள். தெருவின் வாய்க்கு அது போதும். பேக்கரியில் ரொட்டி தேங்கியது. ஒரு நாள் முதலாளி அவன் ஏப்ரனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"வேலை போச்சுன்னா திருப்பி உள்ள கொண்டுபோயிடுவாங்களாம்" என்று அவள் புருஷனிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"உங்களுக்காகத்தாங்க..."

"போனது என் கண்ணு. அவன் உள்ள இருந்தப்போ அது திரும்பி வந்துச்சா? மூணு வேளையும் சோறு போட்டு, என் மூஞ்சியைப் பார்க்காம நிம்மதியா வச்சிருந்தாங்க. மறுபடி அங்கேயே அனுப்பறியே?"

"அப்ப மன்னிச்சிட்டீங்களா?"

"செத்தாலும் மாட்டேன். அவன் எதிர்லயே இருக்கணும். வேர்வை சிந்தணும். தலையை நிமிர்த்தினா நான் தெரியணும்."

அவர் தெருவைக் கடந்து போனார். "அவனைக் கூப்பிட்டுக்குங்க. எவனாவது கேட்டா கண்ணு போனவனே சொன்னான்னு சொல்லுங்க" என்றார். முதலாளி தலையாட்டினார். மூலையில் பையோடு நின்றிருந்த தம்பி, "மாமா..." என்று காலில் விழக் குனிந்தான்.

"தொடாத. போய் மாவைப் பிசை."

அன்றிலிருந்து காலையில் கடை திறந்ததும் அவர் வாசலில் நின்று எதிரே பார்ப்பார். கண்ணாடிக்கு அப்பால் தம்பி தலை கவிழ்வான். ஆனால் கை நிற்காது. தெரு மறுபடி ரொட்டி வாங்கத் தொடங்கியது. தையல்காரி மட்டும் தன் மிஷினைத் திருப்பி, எதிர்க்கடைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் போதவில்லை. ஊசி அடிக்கடி விரலில் ஏறியது. வாயில் விரலை வைத்துச் சப்பிக்கொண்டு, தம்பியையும் புருஷனையும் சேர்த்தே திட்டினாள்.