மாமியாரின் கீழுதடு

எங்கள் சர்ஜன் கல்லைக்கூடச் சிரிக்க வைப்பார் என்று பெயர். அவருடைய மாமியார் கல்லைவிடக் கெட்டி. கல்யாணம் ஆனதிலிருந்து ஒருமுறைகூட அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. டாக்டர் என்பார், அதையும் சந்தேகத்தோடுதான். ஆனால் தொங்கிப்போன கன்னத்தையும் கழுத்தையும் இழுத்துத் தைக்க வேண்டும், வெளியில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்றபோது அதே டாக்டரிடம்தான் வந்து உட்கார்ந்தார். சொந்தக்காரர் மேல் கத்தி வைக்காதீர்கள் என்று மயக்க மருந்து கொடுக்கும் நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்?

ஆபரேஷனுக்கு முன்னால் சிரிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து வைப்போம். வாய்க்கோணல் முன்பே இருந்ததா, நாங்கள் கொடுத்ததா என்று பின்னால் தெரிய வேண்டுமே. மாமியார் சிரிக்க மாட்டேன் என்றுவிட்டார். வற்புறுத்த சர்ஜனுக்குத் துணிச்சல் இல்லை. உம்மென்று இருந்த முகத்தைப் படமெடுத்துக்கொண்டு உள்ளே போனோம்.

தாடையோரமாகக் கீழுதட்டுக்கு ஒரு நரம்பு போகிறது. நூல் பருமன்தான். அது அறுந்தால் சிரிக்கும்போதெல்லாம் வாய் ஒரு பக்கம் கோணும், ஆயுசுக்கும். அதனால் தசையைத் தளர்த்தும் மருந்து வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிடுவார். கருவி நரம்பை நெருங்கினால் உதடு துடித்துக் காட்டிக்கொடுக்கும். அன்று இடது பக்கம் உதடு ஒருமுறை வெட்டென்று துடித்தது. அவர் கை அப்படியே நின்றது. அதன்பிறகு ஊர்ந்து ஊர்ந்துதான் முடித்தார்.

மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் சோதனை. புருவத்தைத் தூக்கச் சொன்னார். அவரைக் கண்டாலே தூக்கிப் பழகிய புருவம், ஜோராக ஏறியது. கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். அவர் பேசினாலே மூடும் கண், அதுவும் ஆயிற்று.

"பல்லு தெரியச் சிரிங்க, அத்தை."

உதடு அசையவில்லை. ஜோக் சொன்னார். நர்ஸ்கள் சிரித்தார்கள், மாமியார் கூரையைப் பார்த்தார். நரம்பு போய்விட்டதா, மனசு வரவில்லையா? சர்ஜன் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது அவர் மனைவி உள்ளே வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். சிரித்த படம் எடுக்காத கதையைச் சர்ஜன் மென்று விழுங்கிச் சொன்னார்.

"அம்மா மாட்டேன்னா விட்டுடுறதா? ஊர்ல உள்ளவங்க மூஞ்சியெல்லாம் நேராக்குறீங்க, உங்க சட்டைப் பொத்தானை நேராப் போடத் தெரியல."

எல்லோரும் பார்த்தோம். ஆபரேஷன் உடையைக் கழற்றி அவசரமாக மாட்டிய சட்டை, ஒரு பொத்தான் தள்ளித்தான் போட்டிருந்தது.

கட்டுக்கு நடுவே மாமியாரின் வாய் மெல்ல அகன்றது. கீழ்ப்பல் வரிசை தெரிந்தது.

சர்ஜன் குனிந்து அதையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. மனைவி பக்கம் திரும்பாமலே, "இன்னும் ரெண்டு வார்த்தை திட்டு, இடது பக்கம் சரியாப் பார்க்கல" என்றார்.

அவள் குறை வைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இறங்கியது உதடு. கடைசியில் மாமியார்தான் கையை உயர்த்தினார்.

"போதும்டி. மாப்பிள்ளையை விடு, எனக்குத் தையல் இழுக்குது."